உட்கருவின் உறையும் கதிர்வீச்சின் கணக்கும்

ஒரு செல் புற்றுநோய்ச் செல்லா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டிய நோயியல் மருத்துவர் முதலில் கவனிப்பது அதன் உட்கருவைத்தான். அது அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறதா, விளிம்பு மடிந்தும் நெளிந்தும் கிடக்கிறதா, ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்கிறதா என்றெல்லாம் அவர் பார்க்கிறார். 1860ஆம் ஆண்டிலேயே லயனல் பீல் என்ற ஆங்கிலேய மருத்துவர், தொண்டைப் புற்றுநோயாளி ஒருவரின் சளியில் இத்தகைய உருக்குலைந்த செல்களைக் கண்டு பதிவு செய்தார். பிற்காலத்தில் பாபனிக்கொலாவ் வகுத்த கருப்பைவாய்ப் பரிசோதனையும் பெரிதும் உட்கருவின் தோற்றத்தையே நம்பி நிற்கிறது. ஆனால் அதே நோயாளி கதிர்வீச்சு சிகிச்சைக்கு அனுப்பப்பட்டதும் உட்கருவின் உருவம் பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. எத்தனை கிரே (திசு உட்கொள்ளும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை தவணை, கட்டிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு, அருகிலிருக்கும் உறுப்பு எவ்வளவு தாங்கும் என்பவையே அங்கே கணக்கில் வருகின்றன. நோயைக் கண்டறிய உதவிய அந்த நெளிந்த விளிம்பு, சிகிச்சையின் விளைவிலும் கைவைக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

கைவைக்கிறது என்பதற்கு இன்று போதிய சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அது எந்தத் திசையில் என்பதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. உட்கருவுக்கு உருவம் தருவது அதைச் சூழ்ந்த உறை; அந்த உறையின் புரதங்களில் பழுது ஏற்பட்டால் செல் கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாகும் என்று சிலர் எழுதுகிறார்கள். அதே பழுது புற்றுநோயை வளர்க்கும் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் சரியாக இருக்க முடியும் என்பதையும், எந்தப் புரதம், எவ்வளவு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற நான்கையும் சேர்த்துக் கேட்காத வரை பதில் கிடைக்காது என்பதையும் இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பள்ளிப் பாடநூல்களில் உட்கருவின் உறை இரண்டு கோடுகளாக வரையப்பட்டு, நடுவே சில இடைவெளிகளோடு முடிந்துவிடும். உண்மையில் அது பல அடுக்குகள் கொண்ட கட்டமைப்பு. வெளிச்சவ்வு எண்டோபிளாச வலையின் தொடர்ச்சி; உட்சவ்வு தனக்கென்று தனிப் புரதங்களைக் கொண்டது. இரண்டும் இணையும் இடங்களில் உட்கருத் துளைகள் அமைந்திருக்கின்றன. ஏறத்தாழ 30 வகை நியூக்ளியோபோரின் புரதங்கள் எட்டு மடிச் சமச்சீரில் அடுக்கப்பட்டு ஒவ்வொரு துளையையும் உருவாக்குகின்றன. உட்சவ்வின் உள்பக்கத்தை ஒட்டி லேமின் என்னும் இழைப்புரதங்களால் ஆன வலை பரவியிருக்கிறது. எல்எம்என்ஏ என்ற ஒரே மரபணுவிலிருந்து லேமின் ஏ, லேமின் சி இரண்டும் வருகின்றன. லேமின் பி1, பி2 இரண்டுக்கும் தனித்தனி மரபணுக்கள் உள்ளன. எமரின், எல்பிஆர் போன்ற உட்சவ்வுப் புரதங்கள் இந்த வலையையும் குரோமாட்டினையும் (டிஎன்ஏவும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும் சேர்ந்த இழை) சவ்வோடு சேர்த்துப் பிடிக்கின்றன. சன்1, சன்2 என்ற உட்சவ்வுப் புரதங்கள் வெளிச்சவ்வில் உள்ள நெஸ்பிரின்களோடு கைகோத்து, உட்கருவை வெளியே உள்ள செல் எலும்புக்கூட்டோடு இணைக்கின்றன. மரபுத்தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பகுதி, ஆயிரத்துக்கும் அதிகமான நீண்ட துண்டுகளாக, இந்த லேமின் வலையை ஒட்டியே கிடக்கிறது. டிஎன்ஏவில் விழும் காயங்களில் கணிசமானவை உறையின் அருகிலேயே விழுகின்றன என்பது இதிலிருந்தே விளங்கும்.

கதிர்வீச்சின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கிரே எக்ஸ் கதிர் ஒரு மனிதச் செல்லில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும், 20 முதல் 40 வரை இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்குகிறது. வழக்கமான சிகிச்சையில் ஒரு தவணைக்கு 2 கிரே அளவில், வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள் கொடுக்கிறார்கள். ஒற்றை இழை முறிவுகளைச் செல் பெரும்பாலும் எளிதில் சமாளித்துவிடும். உயிருக்கு உலை வைப்பவை இரட்டை முறிவுகளே. அவற்றைச் சரிசெய்ய இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. முறிந்த முனைகளை நேராக ஒட்டிவிடும் முனை இணைப்பு செல் சுழற்சியின் எல்லாக் கட்டங்களிலும் நடக்கும். சகோதர குரோமாட்டிடை, அதாவது அதே குரோமோசோமின் இரட்டிப்பான பிரதியை, பார்த்து எழுதும் ஒத்த வரிசை மறுசேர்க்கை, டிஎன்ஏ இரட்டிப்பாகும் எஸ் கட்டத்திலும் அதையடுத்த ஜி2 கட்டத்திலும் மட்டுமே நடக்கும். முதல் வழியின் பக்கம் 53பிபி1 என்ற புரதமும், இரண்டாம் வழியின் பக்கம் பிஆர்சிஏ1, ராட்51 ஆகியவையும் நிற்கின்றன. முறிவு விழுந்ததும் ஏடிஎம் என்னும் நொதி அருகிலுள்ள எச்2ஏஎக்ஸ் ஹிஸ்டோன்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அந்த அடையாளமே ஒளிரும் புள்ளிகளாகத் தெரிந்து ஆய்வாளர்கள் எண்ணுவதற்கு உதவுகிறது.

இந்த இடத்தில் உறைப் புரதங்கள் எப்படி நுழைகின்றன என்பதை முதலில் கற்றுக்கொடுத்தது புற்றுநோய் அல்ல, ஓர் அரிய குழந்தை நோய். ஹட்சின்சன் கில்ஃபோர்டு புரோஜீரியா என்ற இந்நோயில் குழந்தைகள் சில ஆண்டுகளிலேயே முதுமையின் தோற்றம் அடைந்து, பதின்ம வயதில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறக்கிறார்கள். 2003ஆம் ஆண்டில் இதன் காரணம் எல்எம்என்ஏ மரபணுவின் 1824ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மாற்றம் அமினோ அமிலத்தை மாற்றுவதில்லை. ஆனால் ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் இடத்தை மாற்றிவிடுகிறது. அதனால் லேமின் ஏ புரதத்தின் இறுதிப் பகுதியில் 50 அமினோ அமிலங்கள் காணாமல் போகின்றன. காணாமல் போகும் அந்தத் துண்டில்தான் இசட்எம்பிஎஸ்டிஇ24 என்ற நொதி வெட்ட வேண்டிய இடம் இருக்கிறது. சாதாரணமாக லேமின் ஏ முன்புரதத்தின் வாலில் ஃபார்னிசில் என்ற கொழுப்புத் தொகுதி ஏறும்; பிறகு அந்த வால் வெட்டப்பட்டு, முதிர்ந்த லேமின் ஏ சவ்விலிருந்து விடுபடும். வெட்ட முடியாத புரோஜெரின் என்ற இந்தக் குறைப்புரதமோ கொழுப்பு வாலோடு சவ்விலேயே ஒட்டிக்கொண்டு, உட்கருவைப் புடைக்கவும் மடங்கவும் செய்கிறது.

2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, புரோஜீரியா நோயாளிகளின் ஃபைப்ரோபிளாஸ்டுகளிலும் (இணைப்புத் திசுச் செல்கள்), வெட்டும் நொதி இல்லாத எலிகளின் செல்களிலும் டிஎன்ஏ சேதம் தேங்கியிருப்பதையும், சேதமுண்டாக்கும் காரணிகளுக்கு அவை எளிதில் பாதிக்கப்படுவதையும் காட்டியது. கதிர்வீச்சுக்குப் பிறகு 53பிபி1, ராட்51 ஆகியவை முறிந்த இடங்களுக்கு வந்து சேர்வது அங்கே தாமதமாகிறது. பழுதுபார்க்கும் புரதங்களின் மரபணுக்களில் எந்தக் குறையும் இல்லாதபோதே இது நடக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஏடிஎம் மரபணுவே பழுதான அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா நோயாளிகள் கதிர்வீச்சைத் தாங்க மாட்டார்கள் என்பது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். அங்கே பழுதுபார்ப்பவரே இல்லை. லேமின் நோய்களில் பழுதுபார்ப்பவர் இருக்கிறார், ஆனால் வேலைத்தளம் சீர்கெட்டிருக்கிறது.

வேலைத்தளம் எப்படிச் சீர்கெடுகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் துண்டு துண்டாக விளக்கின. லேமின் ஏ, சி இரண்டும் இல்லாத எலிச் செல்களில் கதெப்சின் எல் என்ற புரதம் சிதைக்கும் நொதி மிகுந்து, 53பிபி1 புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. முனை இணைப்பு தளர்கிறது. அதே செல்களில் பிஆர்சிஏ1, ராட்51 மரபணுக்களின் வெளிப்பாடும் குறைகிறது. ஆக மற்ற வழியும் பலவீனமாகிறது. லேமின் ஏ இருக்கும்போது அது முறிந்த டிஎன்ஏ முனைகள் இங்குமங்கும் அலையாமல் ஓரிடத்தில் நிலைத்திருக்கவும் உதவுகிறது. லேமின் குறைந்தால் பழுதுபார்ப்புப் புள்ளிகள் அதிகமாக அலைகின்றன, தவறான முனைகள் இணையும் வாய்ப்பு கூடுகிறது. கதெப்சின் எல்லை அடக்கும் பொருள்களைக் கொடுத்தால் 53பிபி1 அளவு மீள்கிறது என்பதும், வைட்டமின் டியின் செயல்படும் வடிவம் அவ்வாறு அடக்க வல்லது என்பதும் இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்புகள். பழுது மரபணுவில் இருந்தாலும் அதன் விளைவைக் கீழ்நிலையில் தடுக்க முடியும் என்பதை அவை காட்டுகின்றன. செல் வளர்ப்புத் தட்டில் கிடைத்த முடிவை வைத்து நோயாளிகள் வைட்டமின் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இனி இடத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்குழு மனிதச் செல்களில் டிஎன்ஏவின் குறிப்பிட்ட ஓரிடத்தை எமரினோடு கட்டி உறையோரத்துக்கு இழுத்துவந்து, அங்கே வேண்டுமென்றே ஓர் இரட்டை முறிவை உண்டாக்கியது. அதே முறிவு உட்கருவின் நடுப்பகுதியில் நேர்ந்தபோது ஒத்த வரிசை மறுசேர்க்கை தாராளமாக நடந்தது. லேமின் வலையோரத்தில் அது தடைப்பட்டது. முறிந்த டிஎன்ஏ அங்கிருந்து நகராமல், பிழை மிகுந்த மாற்று முனை இணைப்பிடமும் சாதாரண முனை இணைப்பிடமும் விடப்பட்டது. ஆனால் அதே உறையில் உள்ள துளைகளின் அருகில் அந்தத் தடை இல்லை. சில நூறு நானோமீட்டர் தள்ளி விழுவதால் ஒரு முறிவின் தலைவிதியே மாறுகிறது. லேமின் ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் இறுக்கமாகச் சுருண்ட ஹெட்டிரோகுரோமாட்டின் என்பதும், அத்தகைய பகுதிகளில் விழும் முறிவுகள் மெதுவாகவும் ஏடிஎம் நொதியின் துணையோடும் மட்டுமே சரியாகின்றன என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. சுருண்டிருப்பதால் நன்மையும் உண்டு: இறுகிய குரோமாட்டின் கதிர்வீச்சால் குறைவாகவே சேதமடைகிறது. லேமினோ எல்பிஆரோ குறைந்து ஹெட்டிரோகுரோமாட்டின் ஓரத்திலிருந்து அவிழும்போது, காயம் அதிகமாகப் படும். ஆனால் காயத்தை அணுகுவது எளிதாகும். எது மேலோங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும்.

உட்கருத் துளைகளின் பங்கு இதைவிட நேரடியானது. நியூக்ளியோபோரின் 153 குறைந்தால் 53பிபி1 உட்கருவுக்குள் போதிய அளவில் நுழைவதில்லை. அத்தகைய செல்கள் அயனியாக்கும் கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாகின்றன. லியோனில் உள்ள நிக்கோலா ஃபோரேயின் குழு இன்னொரு படி மேலே போய், ஏடிஎம் நொதி கதிர்வீச்சுக்குப் பிறகு சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்குள் எவ்வளவு விரைவாக நுழைகிறது என்பதே ஒருவரின் கதிர்வீச்சுக் கூருணர்வை, அதாவது கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் தன்மையை, தீர்மானிக்கிறது என்று முன்மொழிந்திருக்கிறது. இந்த மாதிரியை எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் உறையைத் தாண்டுவது என்ற படியைச் சிகிச்சையின் மையத்துக்குக் கொண்டுவந்ததற்காகவே அதற்கு மதிப்பு உண்டு என்று கருதுகிறேன்.

சன் புரதங்களின் கதைதான் எளிய தீர்ப்புகளை எல்லாம் கலைத்துப்போடுகிறது. சன்1, சன்2 இரண்டும் இல்லாத எலிச் செல்களில் டிஎன்ஏ சேத எதிர்வினை குன்றுகிறது. சேதமுண்டாக்கும் மருந்துகளை அவை தாங்குவதில்லை. ஆகவே இவை காப்பவை என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால் புரோஜீரியா செல்களில் சன்1 அளவுக்கு மீறிக் குவிந்து நஞ்சாக மாறுகிறது. லேமின் ஏ இல்லாத எலிகளில் சன்1 மரபணுவையும் நீக்கினால் அவை கூடுதல் காலம் வாழ்கின்றன என்று 2012இல் காட்டப்பட்டது. 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, முறிந்த முனைகள் உட்கருவுக்குள் நகர்வதற்கு 53பிபி1, சன் நெஸ்பிரின் பாலம், வெளியே உள்ள நுண்குழல்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து விசை கொடுக்கின்றன. விலகிப்போன முனைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள அந்த அசைவு உதவும். ஆனால் பிஆர்சிஏ1 இல்லாத செல்லில் பார்ப் என்ற டிஎன்ஏ பழுதுபார்ப்பு நொதியைத் தடுக்கும் மருந்து கொடுக்கும்போது, அதே அசைவு வேறு வேறு குரோமோசோம்களின் முனைகளைத் தவறாக இணைத்து செல்லைக் கொல்கிறது. 2024இல் இந்தப் படம் மேலும் தெளிவானது. இரட்டை முறிவுகள் நேர்ந்ததும் உறையே குழாய் போல உட்கருவுக்குள் நீண்டு, முறிந்த முனைகளைப் பிடித்துச் சேர்க்கிறது. நுண்குழல்களும், லேமின், சன்1, நியூக்ளியோபோரின் 153 ஆகியவையும் அதற்குத் தேவைப்படுகின்றன. முன்பு சிதைவின் அடையாளமாக மட்டும் கருதப்பட்ட உட்கரு மடிப்புகளில் ஒரு பகுதியாவது பழுதுபார்ப்பின் கருவியாக இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வியப்பூட்டியது.

அளவும் அதே போலத்தான். லேமின் பி1 குறைந்தால் முறிந்த இடங்களில் ராட்51 புரதம் திரண்டு குவியங்கள் உருவாவது பாதிக்கப்படுகிறது. லேமின் பி1 மிகுந்தாலும் தொல்லைதான்: 2021இல் வெளியான ஓர் ஆய்வு, மிகையான லேமின் பி1 புரதம் 53பிபி1 புரதத்தைத் தன்னோடு கட்டிப்போட்டு, முறிவுகளுக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்று காட்டியது. அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா நோயாளிகளின் செல்களில் லேமின் பி1 தேங்குகிறது என்பது அதே குழுவின் முந்தைய கண்டுபிடிப்பு. கதிர்வீச்சுக்குப் பிறகு செல் முதுமை நிலைக்குப் போகும்போதோ லேமின் பி1 குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவையே முதுமையின் அடையாளமாக இன்று பயன்படுத்துகிறார்கள். கூடினாலும் குறைந்தாலும் கெடுதல் என்ற நிலையில், ஒரு கட்டியில் லேமின் பி1 மாறியிருக்கிறது என்ற செய்தியை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி பரம்பரை நோய்களிலிருந்தும் மரபணு நீக்கிய எலிகளிலிருந்தும் வந்தது. புற்றுநோய்க்கு வரும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கட்டிகளில் எல்எம்என்ஏ மரபணுவே சடுதி மாற்றம் அடைந்திருப்பது அரிது. பெரும்பாலும் அதன் வெளிப்பாடுதான் கூடியோ குறைந்தோ இருக்கிறது. சில இரத்தப் புற்றுநோய்களிலும் நிணநீர்ப் புற்றுநோய்களிலும் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் ஏறி அது மௌனமாக்கப்படுகிறது. எழுத்து மாறுவதே இல்லை. எமரின் குறைந்த புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் உட்கரு உருக்குலைவதும் பரவும் தன்மை கூடுவதும் காணப்பட்டிருக்கின்றன. மாறாக, நெஸ்பிரின் 1 புரதத்துக்கான எஸ்ஒய்என்இ1 மரபணு பல புற்றுநோய்களின் பட்டியல்களில் அடிக்கடி மாறியதாகத் தென்படும். அதைப் பார்த்து உற்சாகமடைவதற்கு முன், அந்தப் புரதத்தில் ஏறத்தாழ 8,800 அமினோ அமிலங்கள் உள்ளன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவ்வளவு நீளமான மரபணுவில் தற்செயலாகவே மாற்றங்கள் விழும். அவற்றில் பெரும்பாலானவை நோயை வளர்க்காமல் கூடவே வரும் வெறும் பயணிகள். நெஸ்பிரின் 1 டிஎன்ஏ பழுதுபார்ப்பில் ஈடுபடுகிறது என்பதற்குச் சான்று இருந்தாலும், ஒரு நோயாளியின் மரபணு அறிக்கையில் அந்தப் பெயரைக் கண்டதும் கதிர்வீச்சு அளவை மாற்ற நினைப்பது அவசரம். நியூக்ளியோபோரின் 98, 214 ஆகியவை மற்ற மரபணுக்களோடு இணைந்து உண்டாக்கும் லுகேமியாக்கள் உண்மையிலேயே உறைப் புரத மாற்றத்தால் வருபவை. ஆனால் அங்கே சிகிச்சை பெரும்பாலும் மருந்துகளையும் எலும்பு மஜ்ஜை மாற்றத்தையும் சார்ந்தது. கதிர்வீச்சுக்கு இடம் குறைவு.

புற்றுநோயில் உறையின் பங்கு மிகத் தெளிவாகத் தெரிவது அது கிழியும்போதுதான். 2016இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டியதன்படி, நெருக்கமான இடைவெளிகளில் நுழைந்து செல்லும் செல்களின் உட்கரு உறை கிழிகிறது, டிஎன்ஏ சேதமடைகிறது, பின்னர் எஸ்கார்ட் 3 என்ற புரதத் தொகுதி கிழிசலைத் தைக்கிறது. லேமின் ஏ குறைந்த செல்லின் உட்கரு எளிதில் வளைந்து கொடுக்கும். ஆகவே அது இடுக்குகளில் புகுந்து பரவும், ஆனால் அடிக்கடி கிழிந்து காயப்படும். பரவும் திறனும் பிழைக்கும் திறனும் எதிரெதிர் திசைகளில் இழுபடுகின்றன. கதிர்வீச்சுக்கு ஆளாவதற்கு முன்பே பழுதுபார்ப்புப் புரதங்கள் இப்படிக் கிழிசல் வழியாகச் சைட்டோபிளாசத்துக்குக் கசிந்துபோயிருந்தால், அதே 2 கிரே அங்கே கூடுதலாகக் காயப்படுத்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

கதிர்வீச்சுக்குப் பிறகு நடப்பதில் நுண்உட்கருக்களுக்குத் தனி இடம் உண்டு. சரிசெய்யப்படாத முறிவுகளோடு செல் பிரிவுக்குள் நுழைந்தால், குரோமோசோமின் துண்டுகள் பின்தங்கி, தமக்கென்று ஒரு சிறிய உறையைப் போர்த்திக்கொள்கின்றன. அந்த உறையில் லேமின் பி1 சரியாகச் சேர்வதில்லை. ஆகவே அது சுலபமாக உடைகிறது. லேமின் பி1 அளவைக் கூட்டினால் உடைவது குறைகிறது என்று 2013இல் காட்டப்பட்டது. உடைந்த நுண்உட்கருவுக்குள் சிகாஸ் என்ற உணரிப் புரதம் நுழைந்து, டிஎன்ஏவைக் கண்டு, ஸ்டிங் என்ற மற்றொரு புரதத்தின் வழியாக, நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையைக் கிளப்புகிறது; 2017இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இதை நிறுவின. கதிர்வீச்சு கொடுத்த அன்றே இது நடப்பதில்லை. செல் ஒரு முறையாவது பிரிய வேண்டும் என்பதால் சில நாள்கள் கழித்தே எச்சரிக்கை எழுகிறது. பிரிவுக்கு முன்னே செல்லை நிறுத்திவிட்டால் எழுவதே இல்லை. கதிர்வீச்சும் நோயெதிர்ப்பு சிகிச்சையும் சேர்ந்து வேலை செய்வதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, தவணைக்கு 8 கிரே வீதம் மூன்று முறை கொடுத்தபோது எலிகளில் நோயெதிர்ப்பு விழிப்பதையும், ஒரேயடியாக 20 கிரே கொடுத்தபோது டிரெக்ஸ்1 என்ற நொதி பெருகி, சைட்டோபிளாசத்தில் உள்ள டிஎன்ஏவை அரித்து எச்சரிக்கையை அணைத்துவிடுவதையும் காட்டியது. கூடுதல் அளவு கூடுதல் பலன் தரும் என்ற எளிய கணக்கு இங்கே பொய்க்கிறது.

இதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. நியூக்ளியோசோம்களோடு (ஹிஸ்டோன்களைச் சுற்றிய டிஎன்ஏ உருண்டைகள்) ஒட்டிக்கொண்ட சிகாஸ் செயலிழந்து கிடக்கிறது என்பதை 2020இல் பல கட்டமைப்பு ஆய்வுகள் காட்டின. அப்படியென்றால் நுண்உட்கருவில் சிகாஸ் குவிந்திருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் அது வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. மேலும், குரோமோசோம் நிலையின்மை நிறைந்த புற்றுநோய்களில் இந்த எச்சரிக்கை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால், செல்கள் அதற்குப் பழகி, அதையே பரவுவதற்குப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று 2018இல் காட்டப்பட்டிருக்கிறது. உறை உடையும் கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாக மசியும் என்று சொல்பவரும், அது மோசமாகப் பரவும் என்று சொல்பவரும் ஒரே கட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவர் முதல் வாரத்தைப் பார்க்கிறார், மற்றவர் பின்னால் வரும் மாதங்களைப் பார்க்கிறார்.

இந்தத் துறையின் கட்டுரைகளைப் படிக்கும்போது என்னை உறுத்தும் இரண்டு செய்திகளைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, அளவுகோல். ஒளிரும் புள்ளிகளை எண்ணுவது எளிது. ஆனால் கதிர்வீச்சுக்குப் பின் ஒரு செல் தொடர்ந்து பிரிந்து ஒரு கூட்டமாகப் பெருக முடிகிறதா என்பதே சிகிச்சைக்குப் பொருளுள்ள கேள்வி. பக்கும் மார்கஸும் 1956இல் வகுத்த அந்தக் கூட்டமாதல் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனாலோ என்னவோ, பல கட்டுரைகள் புள்ளிகளோடு நின்றுவிடுகின்றன. புள்ளிகள் தாமதமாக மறைவது கூருணர்வின் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் அந்தச் செல் இறக்காமல், தவறாகச் சேர்ந்த குரோமோசோம்களோடு வாழ்ந்துகொண்டிருக்கவும் கூடும். புற்றுநோயில் இந்த இரண்டாவது சாத்தியமே அபாயகரமானது.

மற்றொன்று, செல்கள் வளர்க்கப்படும் தளம். லேமின் ஏ அளவு திசுவின் விறைப்பைப் பொறுத்தது என்று 2013இல் டெனிஸ் டிஷரின் குழு காட்டியது: மூளை போன்ற மென்மையான திசுக்களில் குறைவாகவும், எலும்பு போன்ற விறைத்த திசுக்களில் மிகுந்தும் லேமின் ஏ இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டு எந்த மென்திசுவையும்விடப் பன்மடங்கு விறைத்தது. அதன்மேல் வளரும் செல், உடலில் தனக்கிருந்த லேமின் அளவைத் துறந்து, தட்டுக்கேற்ற அளவை மேற்கொள்கிறது. ஆகவே தட்டில் அளக்கப்பட்ட கதிர்வீச்சுக் கூருணர்வு, மென்மையான மூளைக்கட்டிக்கும் இறுகிய கணையக் கட்டிக்கும் ஒரே போலப் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. மென்மையான களிகளிலும், முப்பரிமாணத் திசுக்கோளங்களிலும் மீண்டும் அளக்காத வரை, லேமின் குறைந்தால் இத்தனை மடங்கு கூருணர்வு என்ற எந்த எண்ணையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

இவ்வளவு சிக்கலுக்கு நடுவே மருத்துவத்துக்கு உடனடியாக ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டால், பழைய மருந்து ஒன்றின் பக்கம் கை காட்டுவேன். ஃபார்னிசில் ஏற்றும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் 1990களில் புற்றுநோய்க்காகவே உருவாக்கப்பட்டன. பல புற்றுநோய்களைத் தூண்டும் ராஸ் புரதம் சவ்வில் ஒட்டுவதற்கு அந்தக் கொழுப்பு வால் தேவை என்பதே அப்போதைய கணக்கு. ராஸ் மாறிய செல்கள் அம்மருந்துகளின் முன்னிலையில் கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாவது தெரியவந்து, நுரையீரல், தலை கழுத்து, கணையப் புற்றுநோய்களில் கதிர்வீச்சோடு சேர்த்து முதல் கட்டச் சோதனைகள் நடந்தன. ஆனால் கே ராஸ், என் ராஸ் இரண்டும் ஃபார்னிசில் கிடைக்காதபோது வேறொரு கொழுப்புத் தொகுதியை ஏற்றிக்கொண்டு தப்பித்துவிட்டதால், மருந்துகள் புற்றுநோயில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அவற்றில் ஒன்றான லோனாஃபார்னிப், புரோஜெரினின் வாலைத் தடுப்பதற்காக 2020 நவம்பரில் அமெரிக்காவில் புரோஜீரியாவுக்கு ஒப்புதல் பெற்றது.

ராஸ் மட்டுமே ஃபார்னிசில் பெறும் புரதம் அல்ல. லேமின் ஏ முன்புரதமும், லேமின் பி1, பி2 இரண்டும் அதே நொதியையே நம்பியிருக்கின்றன. இந்த மருந்துகளைக் கொடுத்த செல்களில் நடுவே ஓட்டை விழுந்த வளைய வடிவ உட்கருக்கள் தோன்றுவதும், அது லேமின் பி1 புரதத்தின் வாலோடு தொடர்புடையது என்பதும் 2011இல் தெரியவந்தது. அப்படியானால் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்த அந்தப் பழைய சோதனைகளில் கிடைத்த கூருணர்வில் எவ்வளவு பங்கு ராஸின் வழியே வந்தது, எவ்வளவு பங்கு உறையின் வழியே வந்தது என்பதைப் பிரித்துப் பார்க்கலாம். அதற்குத் தேவையான கருவிகளும் கைவசம் இருக்கின்றன: ஃபார்னிசில் ஏறவே முடியாதபடி வால் மாற்றப்பட்ட லேமின் பி1 கொண்ட எலிகளை ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றின் செல்களில் ஒரு பகுதிக்கு மட்டும் மருந்தைக் கொடுத்து, மென்மையான தளத்திலும் விறைத்த தளத்திலும் வளர்த்து, 2 கிரே தவணைகளுக்குப் பிறகு எத்தனை செல்கள் கூட்டமாகப் பெருகுகின்றன என்று எண்ணலாம். மருந்து கொடுத்த செல்லுக்கும் கொடுக்காத செல்லுக்கும் வேறுபாடு குறைந்துபோனால், முன்பு கிடைத்த கூருணர்வில் ஒரு பங்கு லேமின் பி1 வழியாகவே வந்தது என்று சொல்ல முடியும். வேறுபாடு அப்படியே நீடித்தால் ராஸின் பக்கமோ மற்ற புரதங்களின் பக்கமோதான் தேட வேண்டும்.